பாரிஸுக்கு ஒரு பஸ்: அன்றும் இன்றும்

நீல நிற அட்டை. மேல் மூலையில் சரிவாக இரண்டு கோடுகள். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் பேரில் பிரித்தானிய அரசாங்கம் எனக்குத் தந்த பயணப் பத்திரம் அது. எந்தெந்த நாடுகளுக்குச் செல்லுபடியாகும் என்ற இடத்தில், இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் என்று போட்டிருந்தது. பிறந்த ஊருக்குப் போக முடியாது. உலகத்தில் வேறு எங்கேயும் போகலாம். அப்படி எங்கேயும் போக என்னிடம் காசு இருக்கவில்லை. பாரிஸுக்கு மட்டும் இருந்தது, அதுவும் பஸ்ஸில் போனால்.

தொண்ணூறுகளில் லண்டனில் இருந்த எங்கள் ஆட்களுக்குப் பாரிஸ் என்றால் ஈபிள் கோபுரம் அல்ல. அங்கே ஒரு அண்ணா இருந்தார், ஒரு சித்தி இருந்தா, கூடப் படித்த ஒரு சிநேகிதி இருந்தாள். 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு ஊரை விட்டுக் கிளம்பியவர்கள் கிடைத்த கதவு வழியாகப் போனார்கள். என் அண்ணா கிழக்கு பேர்லின் வழியாகப் போய்ப் பாரிஸில் கரையேறினவர். சில ஆண்டுகள் கழித்து நான் லண்டனுக்கு வந்தேன். நடுவில் இருந்தது ஒரு சின்னக் கடல். அதைத் தாண்டி அண்ணாவை நான் மறுபடி பார்த்தது 1996 கோடையில், ஒரு இரவு பஸ் என்னைக் கொண்டுபோய் இறக்கிய விடியற்காலையில்.

அந்தத் தடத்தில் பஸ் இன்றும் ஓடுகிறது. இன்று அதில் என் மகள் போகிறாள், நானும் போகிறேன். இரண்டு காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால், "இந்தக் காலத்திலும் பஸ்ஸிலா பாரிஸ் போறீங்கள்?" என்று முகம் சுளிக்கிற பேச்சு எங்கள் வீடுகளிலும் கேட்கத் தொடங்கிவிட்டது. அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றைய பயணம் விசாவில் தொடங்கியது. தென் கென்சிங்ரனில் இருந்த பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தின் முன்னால், விடிவதற்கு முன்பே வரிசை நிற்கும். கையில் ஒரு கோப்பு. வேலை செய்கிற இடத்துக் கடிதம், வங்கிக் கணக்கு, திரும்பி வருவேன் என்பதற்கு அத்தாட்சியாகப் போக வர எடுத்த ரிக்கெற், அண்ணா தன்னுடைய நகரசபையில் முத்திரை குத்தி வாங்கி அனுப்பிய அழைப்புப் பத்திரம். ஷெங்கன் ஏற்பாடு 1995 மார்ச் 26இல் நடைமுறைக்கு வந்திருந்தது. ஒரு விசா கிடைத்தால் பிரான்ஸோடு பெல்ஜியத்துக்கும் ஒல்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் போகலாம் என்று வரிசையில் நின்றவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பாரிஸில் ஒன்றுகூடினால் ஜெர்மனியில் இருக்கும் மாமாவும் வந்து சேரலாம் என்று குடும்பங்கள் திட்டம் போட்டன.

என் மகள் பிறந்ததே பிரித்தானியக் குடியுரிமையோடு. வியாழக்கிழமை மத்தியானம் வேலை மேசையில் இருந்தபடி கைத்தொலைபேசியில் ரிக்கெற் எடுத்து, அன்றிரவே பஸ் ஏறுவாள். விலை நேரத்துக்கு நேரம் மாறும். கிழமை நாட்களில் முன்கூட்டி எடுத்தால் இருபது பவுணுக்குள்ளும் அகப்படும். விசா கேட்பாரில்லை. இலங்கைக் கடவுச்சீட்டோடு லண்டனில் இருப்பவர்களுக்கோ இன்றும் விசா வேண்டும். வரிசை கணினிக்குள் போய்விட்டது, கோப்பு மெலியவில்லை. பயணம் எளிதாகிவிட்டது என்று பொதுவாகச் சொல்லும்போது, யாருக்கு எளிதாகியது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

விக்டோரியா கோச் நிலையம் 1932இல் திறந்தது. பக்கிங்ஹாம் பலஸ் வீதியின் மூலையில், கப்பலின் முகப்புப்போல வளைந்து நிற்கும் வெள்ளைக் கட்டடம். அதன் வாசல்களுக்கு முன்னால் தொண்ணூறுகளில் இரவு பத்து மணிக்கு நின்றால் ஐரோப்பாவின் உழைக்கும் வர்க்கம் முழுவதையும் பார்க்கலாம். வார்சாவுக்குப் போகும் கட்டடத் தொழிலாளர்கள், லிஸ்பனுக்குப் போகும் வீட்டு வேலைக்காரப் பெண்கள், முதுகுப்பை மாட்டிய மாணவர்கள், சாறிக்கு மேல் தடித்த குளிரங்கி போட்ட எங்கள் அம்மாமார். அப்போது ஓடியது யூரோலைன்ஸ். பல நாடுகளின் பஸ் நிறுவனங்கள் 1985இல் கூடி ஒரே பெயரில் ஓட்டத் தொடங்கிய கூட்டு அது. ரிக்கெற் என்பது கார்பன் தாள் வைத்து எழுதிய ஒரு சிறு புத்தகம். அதைத் தொலைத்தால் பயணமே இல்லை என்பதால், பெண்கள் அதைச் சட்டைக்குள் வைத்திருந்தார்கள்.

1996இல் என் பக்கத்தில் இருந்தது ஒரு வயதான அம்மா. லண்டனில் மகனோடு இருக்கிறா. பாரிஸில் மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. பஸ் பழைய கென்ற் வீதியைத் தாண்டுவதற்குள் அவவுடைய கதை முழுவதும் எனக்குத் தெரியும்; என்னுடைய கதை அவவுக்குத் தெரியும். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் வாழையிலைக்குப் பதிலாக அலுமினியத் தாளில் சுற்றிய புட்டும் கோழிப் பொரியலும், உளுந்து வடை, ஒரு தேசிக்காய், ஒரு சின்னச் சித்தாலேபத் தைலப் போத்தல்.

"பிள்ளை, கடல் வந்திட்டுதோ?"

"இல்லை அன்ரி, டோவருக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு."

"கப்பல் ஆடினால் இந்தத் தேசிக்காயை மணந்து பாரும். வயித்தைப் பிரட்டாது."

டோவரில் பஸ் கப்பலின் வயிற்றுக்குள் போய் நிற்கும். கடக்கும்வரை யாரும் பஸ்ஸுக்குள் இருக்கக்கூடாது. வண்டித் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். எந்தத் தளம், எந்த நிறப் படிக்கட்டு என்று மனத்தில் பதித்துக்கொண்டு மேலே ஏறவேண்டும். நடுச்சாமத்தில் ஒன்றரை மணித்தியாலம் அந்தக் கூடத்தில் இருப்போம். மேலே வெள்ளை ரியூப் வெளிச்சம், கீழே எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கம்பளம், பொரித்த உருளைக்கிழங்கும் டீசலும் கலந்த மணம். வரியில்லாக் கடையில் சனம் நெருக்கும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு இடையில் அந்தச் சலுகை 1999 ஜூன் கடைசியோடு முடிந்தது. பெட்டிக்கணக்காகச் சிகரெட் வாங்குபவர்களுக்கு நடுவே அன்ரி தேசிக்காயைக் கையில் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு இருந்தா.

இப்போது இந்தத் தடத்துப் பஸ்கள் பலவும் சுரங்கம் வழியாகப் போகின்றன. சுரங்கம் 1994 மே 6இல் திறந்தது. நீளம் 50 கிலோமீட்டர். அதில் 38 கிலோமீட்டர் கடலுக்குக் கீழே. ஃபோக்ஸ்ரனில் பஸ் நேரே ஒரு ரயில் பெட்டிக்குள் ஏறி நிற்கும். பெட்டியின் கதவு மூடும். முப்பத்தைந்து நிமிடத்தில் மறுகரை. யாரும் இறங்கி மேலே போகத் தேவையில்லை. விளக்கை அணைத்துவிட்டால் பாதிப் பேர் கடல் கடந்ததே தெரியாமல் நித்திரை கொள்வார்கள். வயிற்றைப் பிரட்டுகிற அலை இல்லாதது வயதானவர்களுக்குப் பெரிய ஆறுதல். அதை நான் மனதாரச் சொல்கிறேன். கடலைக் கண்ணால் பார்த்துக் கடந்த ஒன்றரை மணித்தியாலம் மட்டும் போய்விட்டது. அந்த நேரத்தில்தான் ஒரு பஸ்ஸில் வந்தவர்கள் முகம் பார்த்துக் கதைத்தார்கள்.

அன்று எல்லை என்பது மறுகரையில் இருந்தது. கலேயில் கப்பல் தட்டியதும் பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கி ஒரு மண்டபத்தில் வரிசையாக விடுவார்கள். பிரித்தானிய, பிரெஞ்சுக் கடவுச்சீட்டுக்காரர்கள் அட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார்கள். மிச்சப் பேர் நிற்போம். என் நீல அட்டையைப் புரட்டி, விசாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முத்திரை குத்தித் தந்தார்கள். அன்ரியின் இலங்கைக் கடவுச்சீட்டை வாங்கிய அதிகாரி அதை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். கதவு மூடியது.

நேரம் போனது. மற்றவர்கள் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். நானும் அன்ரியும் ஒரு நீள வாங்கில் இருந்தோம். அவவின் கை குளிர்ந்திருந்தது. எங்களை விட்டுவிட்டு பஸ் போய்விடும் என்று இரண்டு பேருமே நினைத்தோம், வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்போது சாரதி உள்ளே வந்தார். ஓய்வுபெறுகிற வயதில் இருந்த ஒரு ஆங்கிலேயர். மணிக்கூட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். இவ்வளவு பேரை ஏற்றிக்கொண்டு வந்தேன், இவ்வளவு பேரோடும்தான் போவேன் என்ற கருத்தில் இரண்டு வசனம் சொன்னார். நான் அதை அன்ரிக்குத் தமிழில் சொன்னேன்.

அன்ரி துணிப்பையைத் திறந்தா. "அவர் பாவம், நித்திரை முழிச்சு நிற்கிறார். ஒரு வடை குடும் பிள்ளை."

விடியற்புறம் மூன்று மணிக்குக் கலே மண்டபத்தில் நின்றபடி அந்தச் சாரதி உளுந்து வடை தின்றார். இன்னொன்றும் கேட்டு வாங்கினார். கடவுச்சீட்டு முத்திரையோடு திரும்பி வந்தபோது அன்ரியின் கையைப் பிடித்துப் படியேற்றியதும் அவர்தான்.

ஒரு மனிதரின் நல்ல குணத்தை மட்டும் சொல்ல இதை எழுதவில்லை. சாரதிக்கு அன்று காத்திருக்க இடம் இருந்தது. கால அட்டவணை அவ்வளவு தளர்வாக இருந்தது. நாலரை மணித்தியாலம் ஓட்டினால் நாற்பத்தைந்து நிமிடம் ஓய்வெடுக்கவேண்டும் என்ற ஐரோப்பியச் சட்டம் 1985இலேயே இருந்தது. 2006இல் வந்த சட்டமும் அதையே சொல்கிறது. சாரதி எப்போது ஓட்டினார், எப்போது நின்றார் என்பதை வண்டியிலுள்ள கருவி பதிவு செய்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் பஸ் நிற்கும்போது எரிச்சல்படுகிற பயணிகளுக்கு நான் சொல்வது இதுதான்: அந்த முக்கால் மணித்தியாலம் உங்கள் உயிருக்கான காப்புறுதி. எல்லையில் வரிசை நீண்டால் அந்தக் கணக்கு முழுவதும் குழம்பும். அப்போது பயணிகள் ஏசுவது, வரிசையை உண்டாக்காத சாரதியைத்தான்.

அன்றும் பாரிஸுக்குள் பஸ் நுழைந்தது வடக்கிலிருந்து. விமான நிலையத்தின் விளக்குகள் தாண்டும். சென் டெனி வரும். நகரத்தைச் சுற்றும் வளையவீதி வரும். பாஞ்ஞொலேயில் இரண்டு கண்ணாடிக் கோபுரங்கள் தெரிந்தால், பெட்டியைத் தேடத் தொடங்கலாம். அவற்றின் பக்கத்தில்தான் அன்று பஸ் வந்து சேரும் கலியேனி நிலையம். லண்டனை விட ஒரு மணித்தியாலம் முன்னால் ஓடும் நேரத்துக்குக் கைக்கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கினால், மெற்றோ மூன்றாம் இலக்கத் தடத்தின் கடைசி நிலையம் அங்கேயே.

அண்ணா வந்து நின்றார். உணவகத்துச் சமையலறையில் இரவு வேலை முடித்து, உடுப்பு மாற்றாமல் நேரே வந்திருந்தார். கைகள் சவர்க்காரத் தண்ணீரில் ஊறி வெளிறியிருந்தன. கோப்பை கழுவித்தான் எங்கள் இரண்டு பேரின் பயணக் கடனையும் அவர் அடைத்தார். அழுவேன் என்று நினைத்திருந்தேன், அழவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டார். "ஓம் அண்ணா" என்றேன். பச்சை நிறத்தில் ஒரு சின்ன மெற்றோ ரிக்கெற்றை என் கையில் வைத்து, இதைக் கடைசிவரை எறியாதை, இடையில் பரிசோதிப்பார்கள் என்றார்.

பேர் லாஷேஸில் மாறி இரண்டாம் இலக்கத் தடத்தில் ஏறவேண்டும். நிலத்துக்குக் கீழே ஓடும் அந்த ரயில் ஜோரேஸுக்கு முன்னால் வெளிச்சத்துக்கு ஏறும். ஸ்ராலின்கிராட்டைத் தாண்டி, இரும்புத் தூண்களின் மேலே, கீழே ரயில் தண்டவாளங்கள் விரிந்து கிடக்க லாச்சப்பலில் போய் நிற்கும். படியிறங்கியதும் கறிவேப்பிலை மணந்தது. போபூர் சென் டெனி வீதியில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள், நகைக்கடை, சாறிக்கடை, வீடியோக் கசற் கடை, ஊருக்குத் தொலைபேசி எடுக்கும் கடை. பக்கத்தில், 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயம். கோடை முடிவில் அங்கே தேர் வரும். வீதியெங்கும் தேங்காய் உடைப்பார்கள். லண்டனிலிருந்து அதற்கென்றே கோச் பிடித்துப் போகிற குடும்பங்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

அந்தக் குறுகிய விடுமுறையில் நானும் அண்ணாவும் என்ன செய்தோம்? கதைத்தோம். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது அம்மாவும் அப்பாவும் தென்மராட்சிக்குப் போனார்கள். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் சில அண்ணாவிடம், சில என்னிடம். இரண்டையும் திகதி வாரியாக அடுக்கிப் படித்தபோதுதான் அவர்கள் எங்கிருந்து எங்கே போனார்கள் என்பது எங்களுக்கு விளங்கியது. வீலெத் நீர்த்தேக்கத்தின் கரையில் இருந்து அதைச் செய்தோம். அண்ணாவின் அறையில் இன்னும் பலர் நித்திரை கொண்டார்கள். அங்கே வாய்விட்டு வாசிக்க முடியாது. திரும்புகிற நாள் பின்னேரம் ஈபிள் கோபுரத்தடிக்குப் போனோம். அவரும் அன்றுதான் அதைக் கிட்ட நின்று பார்த்தார்.

அதனால்தான் சொல்கிறேன்: எங்களுக்கு அது உல்லாசப் பயணம் அல்ல. பிரிந்த வீட்டைச் சில நாட்களுக்கு ஒன்றாக்குகிற வேலை. 1988இல் ஜெர்மனியில் தொடங்கி நகரம் நகரமாக நடந்த தமிழ் இலக்கியச் சந்திப்புகளுக்கு ஆட்கள் போய்வந்ததும் இப்படித்தான். கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் போனதும் இப்படித்தான். ஐரோப்பாவில் தமிழ்ச் சமூகம் என்று ஒன்று உருவாகியிருக்கிறது என்றால், அதில் மலிவான இரவு பஸ்ஸுக்கும் பங்கு உண்டு.

இன்று என் மகள் பாரிஸ் போவது பாரிஸைப் பார்க்க. சிநேகிதிகளோடு லூவ்ருக்குப் போவாள், ஆற்றங்கரையில் நடப்பாள், ஒரு நேரச் சாப்பாட்டுக்கு லாச்சப்பலில் கொத்துரொட்டி தின்பாள், என் அண்ணா வீட்டில் ஒரு இரவு தங்குவாள். பிரெஞ்சு பேசும் மச்சாள்மாரோடு பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகச் சிரிப்பாள். அவள் மடியில் கடிதக்கட்டு இல்லை. அந்தச் சுமை இல்லாமல் ஒரு பிள்ளை பாரிஸுக்குப் போக முடிகிறதே என்று நான் நிறைந்த மனத்தோடு சந்தோஷப்படுகிறேன். அதற்காகத்தான் நாங்கள் அவ்வளவு இரவு முழித்தோம்.

பஸ் உலகமும் மாறிவிட்டது. ஜெர்மனியில் ரயிலைக் காப்பாற்றுவதற்காக 1930களில் போட்ட கட்டுப்பாடு, தூரப் பஸ்களைப் பல தசாப்தங்களாக முடக்கி வைத்திருந்தது. 2013 ஜனவரி 1இல் அதை நீக்கினார்கள். மியூனிக்கில் தொடங்கிய ஃபிளிக்ஸ்பஸ் அந்த இடைவெளியில் வளர்ந்தது. பிரான்ஸ் 2015இல் உள்நாட்டுத் தூரப் பஸ்களுக்குக் கதவு திறந்தது. 2019இல் யூரோலைன்ஸையும் ஃபிளிக்ஸ்பஸ்ஸே வாங்கியது. ஃபிளிக்ஸ்பஸ்ஸின் பச்சை பஸ்கள் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சொந்த பஸ்கள் அல்ல. கதவருகே சின்ன எழுத்தில் வேறொரு பெயர் இருக்கும். உள்ளூர்ப் பஸ் முதலாளி வண்டியும் சாரதியும் கொடுக்கிறார், பெயரும் ரிக்கெற் விற்பனையும் நேர அட்டவணையும் மேலேயிருந்து வருகின்றன. அதனால் விலை குறைந்தது, தடங்கள் பெருகின. சாரதி காத்திருக்கக்கூடிய அந்தத் தளர்வும் குறைந்தது.

பஸ்ஸுக்குள் ஒவ்வொரு இருக்கையிலும் மின்னேற்றும் துளை, இணையம், இடுப்புப் பட்டி. எல்லாம் நல்லவை. ஆளுக்கொரு காதொலிப்பான் மாட்டியிருப்பதால் பக்கத்தில் இருப்பவரின் பெயர்கூடத் தெரியாமல் பாரிஸ் வந்துவிடுகிறது. அண்மையில் போனபோது என் பக்கத்தில் ஒரு இளம் பெண், ருமேனியாவைச் சேர்ந்தவள், பராமரிப்பு இல்லத்தில் வேலை. நான் மிக்சர் பையை நீட்டியதும் காதிலிருந்ததைக் கழற்றினாள். லில் நகரம் தாண்டும்வரை தன் அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். கதை இன்னும் பஸ்ஸில் இருக்கிறது; யாராவது தொடங்கவேண்டும்.

அந்த மிக்சரைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். அன்ரி கொண்டுபோன கோழிப் பொரியலை இன்று பிரான்ஸுக்குள் கொண்டுபோக முடியாது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தின் சந்தையிலிருந்து விலகிய 2021 ஜனவரி முதல், அங்கிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பாலுணவும் கொண்டுவரத் தடை. கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள். 2025 ஏப்ரல் முதல் பிரித்தானியாவும் ஒன்றியத்திலிருந்து பயணிகள் கொண்டுவரும் இறைச்சிக்கும் சீஸுக்கும் தடை போட்டிருக்கிறது. வீட்டுக்கு வீடு கறி கைமாறிய தடத்தில் இப்போது மிக்சரும் பிஸ்கட்டும்தான் போகின்றன.

எல்லையும் மாறிவிட்டது. 2004இலிருந்து பிரெஞ்சு அதிகாரிகள் டோவரிலேயே இருந்து பார்க்கிறார்கள். திரும்பும்போது பிரித்தானிய அதிகாரிகள் கலேயில் இருக்கிறார்கள். பிரித்தானியா ஒன்றியத்திலிருந்து விலகியதோடு, பிரித்தானியக் கடவுச்சீட்டைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போன காலம் முடிந்தது. 180 நாட்களில் 90 நாட்கள்தான் தங்கலாம் என்ற கணக்கு வந்தது. 2025 ஒக்டோபர் 12இலிருந்து கைரேகையும் முகப்படமும் எடுக்கத் தொடங்கினார்கள். டோவரில் முதலில் அதற்கு நின்றவர்களில் கோச் பயணிகளும் அடக்கம். அண்ணாவின் பிள்ளைகள் முன்பு பிரெஞ்சு அடையாள அட்டையோடு லண்டனுக்கு வந்தார்கள். 2021 ஒக்டோபரிலிருந்து அது செல்லாது. இப்போது கடவுச்சீட்டும், முன்கூட்டி எடுத்த இணைய அனுமதியும் வேண்டும். நானும் அன்ரியும் தனியாக நின்ற நிலையில் இன்று எல்லாரும் நிற்கிறார்கள். இதில் எனக்குத் திருப்தி இல்லை. எல்லாரும் எங்களைப்போல நிற்கவேண்டும் என்று நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. எங்களையும் மற்றவர்களைப்போல விடுங்கள் என்றுதான் கேட்டோம்.

கப்பல் வழியாகப் போகும் பஸ்ஸில் இருந்தால், கலேத் துறைமுகச் சாலையில் நாலு மீட்டர் உயரச் சுவர் ஒன்றைப் பார்க்கலாம். 2016இல் கட்டினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் பக்கத்திலிருந்த அகதிகளின் கூடாரக் குடியிருப்பை இடித்தார்கள். 2018இலிருந்து காற்றடைத்த சின்னப் படகுகளில் ஆட்கள் கடக்கிறார்கள். பலர் மூழ்கிப் போகிறார்கள். நீல அட்டை கிடைத்த அதிர்ஷ்டசாலி நான். இருபது பவுண் ரிக்கெற்றில் நான் கடக்கிற அதே நீர், இன்னொருவருக்கு உயிரைக் கேட்கிறது. ஜன்னலோரம் இருக்கும் ஒவ்வொரு தமிழரும் அந்தச் சுவரைத் தாண்டும்போது இதை நினைக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

இப்போது என் முடிவைச் சொல்கிறேன். ரயில் நல்லது; லண்டனிலிருந்து பாரிஸுக்கு இரண்டே கால் மணித்தியாலத்தில் போகும்; காற்றையும் மிகக் குறைவாகவே கெடுக்கும். ஆனால் நாலு பேர் குடும்பம் கடைசி நேரத்தில் அதில் ஏற எத்தனை நாள் கூலி வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பஸ்ஸும் மோசமில்லை. பிரித்தானிய அரசின் கணக்கில், கோச்சில் ஒருவர் ஒரு கிலோமீட்டர் போனால் வெளியாகும் கரிவாயு சுமார் 27 கிராம். விமானத்தில் அது பல மடங்கு. காசு குறைந்தவரையும், திடீரென்று கிளம்பவேண்டியவரையும், மூட்டை முடிச்சோடு போகிறவரையும் ஏற்றிக்கொள்வது பஸ்தான்.

அப்படிப்பட்ட வண்டியை நகரங்கள் எங்கே நிறுத்துகின்றன என்று பாருங்கள். பாரிஸில் இப்போது பெரும்பாலான தூரப் பஸ்கள் வந்து சேர்வது பெர்சிப் பூங்காவுக்குக் கீழே. வேறு பல நகரங்களில் புறநகரின் வாகனத் தரிப்பிடம், நெடுஞ்சாலைப் பாலத்தடி, கூரையில்லாத நடைபாதை. ரயில் நிலையத்துக்குக் கண்ணாடிக் கூரையும் விமான நிலையத்துக்குச் சலவைக்கல்லும் போடுகிறவர்கள், பஸ்ஸில் வருபவருக்கு இருக்க ஒரு வாங்கும் இரவில் பூட்டாத கழிவறையும் தர யோசிக்கிறார்கள். பஸ் நிலையத்தை நகரத்துக்கு வெளியே தள்ளவேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், விடியற்காலை நாலு மணிக்கு அங்கே இறங்கப்போவது யார் என்று கேட்கவேண்டும். மெற்றோ தொடங்கும்வரை பிள்ளையோடு நிற்கப்போகிறவள் நகரசபைக் கூட்டத்துக்கு வரமாட்டாள். அவளுக்காக அங்கே வாக்குரிமை உள்ள நாங்கள் பேசவேண்டும்.

லண்டனிலும் பாரிஸ் சுற்றுப்புறத்திலும் இன்று தமிழ் நகரசபை உறுப்பினர்கள் இருக்கிறார்கள். தமிழ் வாக்காளர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கோயில் தேருக்கு வீதி கேட்டு வாங்கத் தெரிந்த சமூகம் இது. பஸ் நிலையத்துக்குக் கூரையும் கழிவறையும் கேட்பது அதைவிடக் கடினமல்ல. அடுத்த முறை உங்கள் பிள்ளைகள் பாரிஸுக்கோ அம்ஸ்ரர்டாமுக்கோ பஸ்ஸில் போகிறோம் என்றால் முகம் சுளிக்காதீர்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். நீங்கள் எப்படி வந்தீர்கள் என்பதை அந்த ஒன்பது மணித்தியாலத்தில் அவர்களுக்குச் சொல்லுங்கள்.